7. தறிக்குறிப்பிலிருந்து தேடுபொறிக்கு: ஏஐ கருவியைக் கொண்டு புடவைப் பக்கம் எழுதுவது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெய்யும் புடவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் வழியாகவோ காந்தி ரோட்டுக் கடைகள் வழியாகவோதான் வெளியூர் போகிறது. படித்துவிட்டு வந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது மூன்றாவது வழி ஒன்றையும் திறந்துவருகிறார்கள். சொந்தமாக ஓர் இணையதளம், இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு, வாட்ஸ்அப்பில் ஆர்டர். தளம் கட்ட ஆள் கிடைக்கிறார். படம் எடுக்கக் கைபேசியே போதும். எழுத்தில்தான் தடுமாற்றம். ஐம்பது புடவைக்கு ஐம்பது விவரம் யார் எழுதுவது? இந்த இடத்தில் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற கருவிகள் வந்து நிற்கின்றன.

அவற்றைப் பயன்படுத்துங்கள் என்றே இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆனால் பலரும் தொடங்கும் விதத்தில் தொடங்க வேண்டாம். "காஞ்சிபுரம் பட்டுப் புடவை பற்றி ஆயிரம் சொல்லில் எஸ்இஓ கட்டுரை எழுது" என்று கேட்டால் (எஸ்இஓ என்றால் தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை) அரை நிமிடத்தில் ஒரு கட்டுரை வரும். பல்லவர் காலம் இருக்கும், கோயில் நகரம் இருக்கும், தலைமுறை தலைமுறையாக என்ற சொல் இருக்கும். அதே கேள்வியைக் கேட்ட இன்னொரு கடைக்காரருக்கும் ஏறக்குறைய அதே கட்டுரைதான் போயிருக்கும். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கிடக்கும் பக்கங்களோடு இன்னொன்று சேர்ந்தால், கூகுள் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

மற்றவர்களிடம் இல்லாமல் உங்களிடம் மட்டும் இருப்பது தறி. அந்தத் தறியில் என்ன நடந்தது என்ற விவரத்தைக் கருவிக்குக் கொடுத்து, அதை வாங்குகிறவருக்குப் புரியும்படி எழுதித்தரச் சொல்வதே இதில் உள்ள வேலை. அது எப்படி என்று பார்ப்போம்.

கூகுள் என்ன சொல்லியிருக்கிறது

சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30. அடுத்த சில மாதங்களிலேயே இணையம் முழுக்க ஏஐ எழுதிய பக்கங்கள் குவிந்தன. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் நிலையை எழுதி வெளியிட்டது. ஒரு பக்கத்தை மனிதர் எழுதினாரா கருவி எழுதியதா என்பதைவிட, படிப்பவருக்கு அது பயன்படுகிறதா என்பதே அளவுகோல். தேடல் முடிவில் மேலே வருவதை மட்டும் நோக்கமாகக் கொண்டு கருவியால் எழுதிக் குவிப்பது விதிமீறல். இதுதான் அதன் சாரம். 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளைக் கூகுள் இன்னும் இறுக்கியது. பயனில்லாத பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வது, அதைக் கருவி செய்தாலும் ஆள் வைத்துச் செய்தாலும், தளத்தையே தேடலிலிருந்து நீக்கும் அளவுக்குப் போகக்கூடிய குற்றம் என்றது.

இதில் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "சென்னையில் காஞ்சிபுரம் பட்டு", "கோவையில் காஞ்சிபுரம் பட்டு", "திருச்சியில் காஞ்சிபுரம் பட்டு" என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஐ வந்தபின் அது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. கூகுளின் ஸ்பேம் விதிகள் பெயர் சொல்லித் தடுக்கும் காரியம் அது. பணம் கொடுத்துத் தளத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கங்களை மதிப்பிடும் ஆட்களுக்குக் கூகுள் தரும் வழிகாட்டுதலில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற சொல் புதிதாகச் சேர்ந்தது. எழுதியவருக்கு அந்தப் பொருளோடு நேரடிப் பழக்கம் உண்டா என்று பார்க்கச் சொல்கிறார்கள். தறி இருக்கும் வீட்டுக்கு இதைவிடச் சாதகமான விதி வேறு கிடையாது. வீட்டில் இருக்கும் அனுபவம் பக்கத்தில் ஏறவில்லை என்பதுதான் குறை.

தறிக்குறிப்பு

கருவியைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இதைத் தறிக்குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். அரைப் பக்கம் போதும். ஒரு புடவைக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பலன் கிடைக்கும்; இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தால் கிடைக்காது.

முதலில் நிறம். உடல் என்ன, கரை என்ன, முந்தி என்ன. சிவப்பு என்று எழுதாதீர்கள். அரக்கா, குங்குமச் சிவப்பா, மிளகாய்ப்பழச் சிவப்பா? பச்சை என்றால் இலைப்பச்சையா, கிளிப்பச்சையா, மயில்கழுத்தா? முகூர்த்தப் புடவை தேடும் ஓர் அம்மா இந்த வித்தியாசத்தைத்தான் தேடுகிறார். கைபேசித் திரையில் நிறம் மாறித் தெரியும் என்பதால் எழுத்துதான் அவருக்கு ஆதாரம்.

அடுத்தது கரை சேர்ந்த விதம். உடலும் கரையும் வேறு நிறமாக இருந்து, தனித்தனி நாடா ஓட்டி, ஊடை இழைகள் ஒன்றையொன்று பிடிக்கும்படி நெய்திருந்தால் அது கோர்வை. இருபக்கக் கரைக்கு ஒவ்வொன்று, உடலுக்கு ஒன்று என மூன்று நாடா. மறுபக்கத்தில் நாடா வாங்கித் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். இந்த ஒரு வேலையால்தான் நாளாகிறது, கூலி கூடுகிறது, விலை ஏறுகிறது. முந்தி வேறு நிறமானால், உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைப் பிணைக்கும் பிட்னி வேலை இருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு கடையில் ஒரே மாதிரி தெரியும் புடவைக்கு ஏன் இரண்டு விலை என்று கேட்பவருக்குப் பதில் இங்கே இருக்கிறது. பெரும்பாலான விற்பனைத் தளங்களில் இந்தப் பதில் கிடைப்பதில்லை.

மூன்றாவது ஜரிகை. அசல் ஜரிகை என்றால் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. விலை குறைந்த வகைகளில் வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி இருக்கும். உள்ளே பட்டு நூலுக்குப் பதில் வேறு நூலும் இருக்கலாம். எந்த வகை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஜரிகை சூரத்திலிருந்து வந்ததா, காஞ்சிபுரத்திலேயே 1971இல் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்திலிருந்து வந்ததா என்பதையும் சேர்க்கலாம். வெள்ளி எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள். சீட்டு இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம்.

பிறகு வேலைப்பாடு: மயில்கண்ணா, ருத்ராட்சமா, வைரஊசியா, மல்லிமொக்கா, தாழம்பூவா, யாளியா, இருதலைப்பட்சியா. உடலில் புட்டா உண்டா, கட்டமா, வெறும் உடலா. நீளம், அகலம், எடை. ரவிக்கைத் துணி சேர்ந்ததா, அது கரை வைத்ததா. எடையைத் தராசில் வைத்துக் கிராமில் எழுதுங்கள். கல்யாணத்தன்று நாள் முழுக்கக் கட்டியிருக்கப் போகிற பெண்ணுக்கு 600 கிராமும் 900 கிராமும் ஒன்றல்ல. தறியில் எத்தனை நாள் இருந்தது என்பதும் தெரிந்தால் நல்லது.

கடைசியாகச் சான்றுகள். ஏஐ கருவிகள் அதிகம் குழப்பும் இடம் இது, மனிதர்களும்கூட. சில்க் மார்க் 2004 முதல் இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியம் முன்னின்று கொண்டுவந்தது. பட்டு சுத்தமானது என்பதை மட்டும் அது சொல்லும். கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. கைத்தறியில் நெய்தது என்பதை அது சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கான புவிசார் குறியீடு 2005இல் பதிவானது. ஊரையும் நெய்யும் முறையையும் அது சொல்லும், அதைப் போட்டுக்கொள்ளப் பதிவுபெற்ற பயன்பாட்டாளராக இருக்க வேண்டும். சில்க் மார்க் மட்டும் இருக்கும் புடவையைக் கருவி எந்தத் தயக்கமும் இல்லாமல் "புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் புடவை" என்று எழுதிவிடும். பொய்யான குறியீட்டைப் போட்டு விற்பது தண்டனைக்குரியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறான விளம்பரத்தைக் கேள்வி கேட்கும். கருவிதான் எழுதியது என்ற பதில் எங்கும் செல்லாது.

தறிக்குறிப்பு எழுத நெசவாளருக்கு நேரமிருக்காது, எழுதும் பழக்கமும் இருக்காது. அவரைப் பேச விடுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, இந்தக் கரைக்கு மட்டும் இன்னொரு ஆள் எதுக்கு?", "இதுல எது ரொம்பக் கஷ்டம்?", "இதே டிசைன் விசைத்தறியில வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சில் நான்கு பக்கத்துக்கான சரக்கு இருக்கும். ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் ஏஐ கருவி உதவும். தொழில் சொற்களை அது தப்பாகக் கேட்டிருக்கும். பாவு, ஊடை, விழுது, அச்சு, அடை எல்லாம் வேறு ஏதோவாக வந்திருக்கும். உட்கார்ந்து திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மக்கள் எப்படித் தேடுகிறார்கள்

தேடுசொல் கண்டுபிடிக்கக் கருவியைக் கேட்டால் ஐம்பது சொல் பட்டியலிடும், ஒவ்வொன்றுக்கும் மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணும் போட்டுத் தரும். தேடல் தரவோடு இணைக்கப்படாத கருவி தரும் அந்த எண்ணுக்கு அடிப்படை கிடையாது. எண் வேண்டுமானால் கூகுளின் கீவேர்ட் பிளானரைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் தெரிய கூகுள் டிரெண்ட்ஸ் இருக்கிறது. ஆடியிலும் தையிலும் தேடல் எப்படி மாறுகிறது என்பதை அங்கே நீங்களே காணலாம்.

அதைவிட நல்ல மூலம் உங்கள் வாட்ஸ்அப். வாடிக்கையாளர் இதுவரை கேட்ட கேள்விகளை எடுத்து, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, கருவியிடம் கொடுத்து வகை பிரிக்கச் சொல்லுங்கள். "கரை ஜரிகை கறுக்குமா?", "ஒன்பது கஜம் கிடைக்குமா?", "மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை இருக்கா?" என்றெல்லாம் மக்கள் உங்களிடம் கேட்டதைத்தான் கூகுளிடமும் கேட்கிறார்கள். வகை பிரிப்பது, ஒரே கேள்வியின் பல வடிவங்களைச் சேர்ப்பது போன்ற வேலைகளில் கருவி உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டும்.

ஊர்ப்பெயரே பல வடிவில் தேடப்படுகிறது: காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம், கஞ்சீவரம். வடநாட்டிலிருந்து தேடுகிறவர் பெரும்பாலும் கஞ்சீவரம் என்கிறார். புவிசார் குறியீட்டுப் பதிவில் இருப்பது காஞ்சீபுரம் என்ற எழுத்துக்கூட்டல். தமிழர்களிலும் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். இந்த எல்லா வடிவங்களையும் ஒரே பத்தியில் திணிக்க வேண்டியதில்லை. ஒரே பொருளின் வேறு எழுத்துக்கூட்டல்களைக் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. தலைப்பில் ஒன்று, உடலில் இயல்பாக ஒன்று என்று வந்தால் போதும். பக்கத்தின் பின்னால் தேடுசொற்களை அடைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' பகுதியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கட்டணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கட்டளை எழுதுவது

தறிக்குறிப்பும் கேள்விகளும் கைக்கு வந்துவிட்டன. இப்போது கருவிக்குக் கொடுக்க வேண்டிய கட்டளை இப்படி இருக்கலாம்:

"எங்கள் கடைக்கு ஒரு புடவையின் விவரம் எழுதித் தா. கீழே உள்ள தறிக்குறிப்பில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள். குறிப்பில் இல்லாத எந்தத் தகவலையும் சேர்க்காதே. ஏதாவது தேவையென்று தோன்றினால், 'நெசவாளரிடம் கேட்க' என்று தனியே எழுது. படிப்பவர் வெளியூரிலிருந்து மகளின் முகூர்த்தத்துக்குப் புடவை தேடும் தாய். புடவையைத் தொட்டுப் பார்க்க அவரால் முடியாது. முதல் இரண்டு வாக்கியத்துக்குள் நிறமும் கரையும் ஜரிகை வகையும் வந்துவிட வேண்டும். விலை ஏன் இவ்வளவு என்பதற்கு வேலைப்பாட்டிலிருந்து காரணம் சொல். கோர்வை, பிட்னி, முந்தி, புட்டா, பாவு, ஊடை ஆகிய சொற்களை அப்படியே எழுது. முதல்முறை வரும்போது அரை வரியில் விளக்கு. பாரம்பரியம், நேர்த்தி, அரச அழகு, காலத்தால் அழியாத போன்ற சொற்கள் வேண்டாம். 150 சொல்லுக்குள் முடி. பக்கத் தலைப்புக்கு மூன்று வடிவமும், தேடல் முடிவில் தலைப்பின் கீழே காட்ட இரண்டு வரிச் சுருக்கமும் தனியாகக் கொடு."

இதில் முக்கியமானவை இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள வரிகள். இடைவெளி இருந்தால் தானே நிரப்பிக்கொள்வது இந்தக் கருவிகளின் இயல்பு. நிரப்பாதே என்று சொல்லி, நிரப்பத் தோன்றும் இடத்தைக் கேள்வியாக மாற்ற ஒரு வழியும் காட்டிவிட்டால், அந்தக் கேள்விகளே உங்கள் தறிக்குறிப்பை அடுத்த முறை முழுமையாக்கும்.

குறிப்பில்லாமல் கேட்டால் வருவது இந்த மாதிரி இருக்கும்: "பாரம்பரியமும் நேர்த்தியும் கைகோக்கும் இந்த அழகிய காஞ்சிபுரம் பட்டுப் புடவை, உங்கள் சிறப்பான தருணங்களுக்கு அரச பொலிவைச் சேர்க்கும்." எந்தப் புடவைக்கும் பொருந்தும். குறிப்போடு கேட்டு, கையாலும் திருத்தினால் இப்படி ஆகும்: "அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, அசல் ஜரிகை. கரையும் உடலும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வையாகச் சேர்ந்தவை. சேரும் இடத்தில் கோபுரப் பல்வரிசை இருபுறமும் ஓடுகிறது. முந்தியின் நிறமும் மயில்கழுத்து என்பதால் பாவு இழைகளைப் பிணைக்கும் பிட்னி வேலை தனியாக நடந்தது. எடை 780 கிராம். ரவிக்கைத் துணி இரண்டு கரையோடும் சேர்ந்தே வருகிறது." அரக்கு உடல் மயில்கழுத்துக் கரை என்று தேடுகிறவருக்கு இந்தப் பக்கம்தான் பதில். தேடுசொல்லைத் தேடிப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் அது தானாக உள்ளே வந்துவிட்டது.

மூன்று தலைப்புகளில் நிறமும் வேலைப்பாடும் முன்னால் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைப்பெயர் கடைசியில் வரட்டும். தலைப்பு நீண்டால் தேடல் முடிவில் வால் வெட்டுப்படும்.

தமிழ்ப் பக்கத்தை எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கச் சொல்வதைவிட, அதே தறிக்குறிப்பைக் கொடுத்து ஆங்கிலப் பக்கத்தைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு மொழியிலும் வாங்குகிறவர் கேட்பது வேறுவேறு. தமிழில் தேடுகிறவருக்குக் கோர்வை தெரிந்திருக்கலாம். பெங்களூரிலோ டொராண்டோவிலோ ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு அதை விளக்க வேண்டும். அனுப்ப எத்தனை நாள், நிறம் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் அவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

சரிபார்ப்பது

கருவி எழுதியதைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் நெசவாளருக்கு வாசித்துக் காட்டுங்கள். இதற்கு மாற்றே இல்லை. மொழி அறிந்தவர் பார்த்தால் பிழைதான் போகும். தறி அறிந்தவர் கேட்டால் பொய் போகும்.

வழக்கமாக மாட்டும் பொய்கள் சில உண்டு. காஞ்சிபுரத்திலேயே பட்டுப்பூச்சி வளர்த்து நூல் எடுப்பதாக எழுதும். காஞ்சியில் நெய்யும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. கோர்வையைக் கரையைத் தைத்து இணைப்பது என்று எழுதும். பனாரஸ் புடவையின் வேலைப்பாட்டுப் பெயர்களைக் கொண்டுவந்து காஞ்சிப் புடவையில் ஒட்டும். எல்லா ஜரிகையும் தூய தங்கம் என்று சொல்லும். இத்தனை நூற்றாண்டுக்கு முன் இந்த அரசர் இத்தனை நெசவாளர் குடும்பங்களை இங்கே குடியேற்றினார் என்று துல்லியமாக ஒரு கதை சொல்லும். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். ஆதாரம் காட்ட முடியாத ஆண்டையும் எண்ணையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் நெசவு தெரிந்தவர் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் உள்ள விலையையும் அவர் நம்பமாட்டார்.

கருவிக்குள் எதைப் போடக்கூடாது என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, கைபேசி எண், கல்யாணத் தேதி உள்ளே போகக்கூடாது. இன்னும் சந்தைக்கு வராத டிசைனின் கிராஃப் படத்தையும் பதிவேற்ற வேண்டாம். காஞ்சி டிசைன் விசைத்தறியில் நகலாகி மலிவு விலைக்கு வருவது இந்த ஊரின் பழைய காயம்.

படம், ஊர், விமர்சனம்

புடவைப் படத்தை ஏஐ கொண்டு உருவாக்கவே கூடாது. பின்னணியை மாற்றுவதுகூட ஆபத்து. நிறம் நகர்ந்துவிடும், கரையின் பல்வரிசையைக் கருவி தன் போக்கில் வரைந்துவிடும். ஏஐ உருவாக்கிய படமானால் அந்த விவரம் படத்தின் உள்தகவலில் இருக்க வேண்டும் என்று, கூகுளில் பொருள்களைப் பட்டியலிட உதவும் கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் கேட்கிறது. அதைவிடப் பெரிய காரணம், வாங்குகிறவர் படத்தில் பார்த்த புடவைதான் பெட்டியில் வர வேண்டும். காலை வெளிச்சத்தில் நிழலான இடத்தில் எடுத்த படம், கோர்வை சேரும் இடத்தின் நெருக்கப் படம், புடவையின் பின்பக்கப் படம் ஆகிய மூன்றும் எல்லாப் புடவைக்கும் இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை என்று ஒரு வரி எழுத வேண்டும். பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் சொல்வதும் அந்த வரிதான், கூகுள் படத் தேடலுக்கு உதவுவதும் அதுதான். தறிக்குறிப்பைக் கொடுத்தால் கருவி இதை நன்றாகச் செய்யும்.

இணையதளத்துக்கு இணையாக, தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலையும் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில் பிள்ளையார்பாளையத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களில் பலர், சுற்றியுள்ள தெருக்களில் தறி ஓடுகிறது என்பதே தெரியாமல் காந்தி ரோட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோயிலிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது, எந்த நேரத்தில் வந்தால் தறி ஓடுவதைப் பார்க்கலாம், வண்டி எங்கே நிறுத்தலாம் என்று ஒரு பக்கம் போடுங்கள். இதைக் கருவியால் தானாக எழுத முடியாது. நீங்கள் சொன்னால் ஒழுங்குபடுத்தித் தரும்.

விமர்சனங்களை ஏஐ கொண்டு எழுதிப் போடாதீர்கள். இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. போலி விமர்சனத்தைக் கூகுளும் நீக்கும். வாங்கியவர் எழுதிய நான்கு வரிக்குக் கனிவாகப் பதில் எழுதக் கருவியின் உதவியைக் கேட்கலாம், அதில் தவறில்லை.

பலன் தெரிவது

தளத்தைக் கூகுள் சர்ச் கன்சோலில் இணைத்துவிடுங்கள்; இதுவும் இலவசம். எந்தத் தேடுசொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அது சொல்லும். புதிய தளத்துக்குப் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பதினைந்து நாளில் முதலிடம் என்று உறுதி தருபவர் யாராக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். முதலிடத்தை யாராலும் உறுதிசெய்ய முடியாது என்று கூகுளே சொல்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தரவைத் தரவிறக்கிக் கருவியிடம் கொடுத்து, பலருக்குக் காட்டப்பட்டும் யாரும் உள்ளே வராத பக்கங்களைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தலைப்பில்தான் குறை இருக்கும். மக்கள் தேடி வந்தும் உங்களிடம் பதில் இல்லாத கேள்விகளும் அதில் தெரியும். "பட்டுப் புடவையை எப்படி மடித்து வைப்பது", "ஜரிகை அசலா என்று எப்படிப் பார்ப்பது" போன்ற கேள்விகளுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். பதில் நெசவாளரிடமிருந்து வரட்டும், அவர் சம்மதித்தால் அவர் பெயரும் படமும் பக்கத்தில் இருக்கட்டும். 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் தேடல் முடிவுக்கு மேலே ஏஐ சுருக்கம் ஒன்று வருகிறது, அதில் சில தளங்களுக்கு இணைப்பும் தருகிறது. அதற்கென்று தனி வித்தை எதுவும் தேவையில்லை என்பது கூகுளின் விளக்கம். கேள்விக்கு நேரான பதில் உள்ள பக்கங்களை எழுதிவாருங்கள். அதிகம் எழுத வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு இரண்டு நல்ல பக்கம் போதும்.

இன்று உங்கள் வீட்டுத் தறியில் ஒரு புடவை ஓடிக்கொண்டிருக்கும். அதை அறுத்து இறக்குவதற்குள் அதன் குறிப்பை எழுதி வாங்கிவிடுங்கள். மடித்துக் கடைக்குக் கொடுத்தனுப்பிய பிறகு எடை என்ன, ஜரிகை என்ன, எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் நெய்தவருக்கே சரியாக நினைவிருக்காது; அடுத்த பாவு ஏறியிருக்கும்.